விமானம் இறங்கும் வழி

மகள் ரெனிட்டாவின் கல்யாணத்துக்காக மாடியில் ஓர் அறை கட்டிக்கொண்டிருந்த நர்ஸ் ஜெயபுஷ்பத்தின் தலையில் இடியை இறக்கினார் விமான நிலைய அதிகாரி.

"இடிச்சுடுங்கம்மா. விமானம் எறங்குற வழி இது."

"ஆம்பூர் ஏர்போர்ட்ல இதுவரைக்கும் காக்காதானே சார் எறங்குது?"

"நாளைக்கே விமானம் வந்தா? அம்பது உசுரும்மா!" அதிகாரி வானத்தைக் காட்டினார்.

"ஐயோ, அந்தப் பாவம் எனக்கெதுக்கு சார்!"

மறுவாரம் அறை இருந்த இடத்தில் செங்கல் குவியல்தான் கிடந்தது. பார்வையிட வந்த அதிகாரிக்குப் பரம திருப்தி.

"ஆபீசுக்கு வந்து ஒரு கையெழுத்து போட்டுடுங்க."

"ஆபீஸ் எங்க சார்?"

"அதோ, அந்த மூணு மாடி."

"அது ஷூ கம்பெனி இல்லியா?"

"நம்ம ஆபீஸ்தாம்மா. ரன்வே சும்மாதானே கெடந்துச்சு, அதும்மேலயே கட்டிட்டோம்."