ஒரு சொட்டு ஈரம் கூட

“கையைத் தூக்குங்க மாமா,” என்று சொல்லி, எவாரிஸ்தோவின் சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவில் நாலாவது செய்தித்தாளைத் திணித்தான் ஓல்மெதோ.

“நான் இன்னும் உனக்கு மாமா ஆகல.”

“மத்தியானத்துக்குள்ள ஆயிடுவீங்க.”

பந்தயம் போட்டது எவாரிஸ்தோதான். மோட்டார் சைக்கிள்காரனுக்குப் பெண்ணைக் கொடுத்தால் அவள் காலம் முழுக்க அவன் முதுகுக்குப் பின்னால் நனைந்து நடுங்கிச் சாவாள் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதையே ஓல்மெதோ எத்தனை தடவைதான் கேட்பான்? போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாப்பிடும்போது, பெண்ணைக் கொடுப்பீர்களா மாட்டீர்களா என்று வாய்விட்டே கேட்டுவிட்டான். அவரும் சூப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சொல்லிவிட்டார். கொட்டுகிற மழையில் துயிதாமாவிலிருந்து துன்ஹா வரைக்கும் தன்னை ஒரு சொட்டு ஈரம் கூடப் படாமல் கொண்டு சேர்த்தால், மகள் மிரெயாவை அவனே கட்டிக்கொள்ளலாம். ஈரம் பட்டால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

சொல்லும்போது தைரியமாகத்தான் இருந்தது. இப்போது பயல் செய்கிற வேலையைப் பார்த்தால் தோற்றுவிடுவோம் போலிருந்தது.

காலுறைக்கு மேல் ரொட்டிக்கடை பிளாஸ்டிக் பை, அதற்கு மேல் பூட்ஸ். கம்பளிக் கையுறைக்கு மேல் பாத்திரம் தேய்க்கிற மஞ்சள் ரப்பர் கையுறை. கழுத்தில் துண்டு. எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பு மழைக்கோட்டு, தலைக்கவசம். கண்ணாடியில் பார்த்தபோது கட்டி வைத்த உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி இருந்தார். மிரெயா இதைப் பார்க்க அங்கே இல்லை. பஸ்ஸில் முன்னால் போய் அத்தை வீட்டில் காத்திருப்பதாகச் சொல்லி, காலையிலேயே குடையோடு கிளம்பிவிட்டாள்.

மழை ஏமாற்றவில்லை. பைப்பா ஊரைத் தாண்டியதும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஆனால் ஓல்மெதோவின் வண்டியில் முன்னால் பெரிய கண்ணாடித் தடுப்பு, கால் பக்கம் ரப்பர் பாவாடை. குட்டையைக் கண்டால் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி மெதுவாகச் சுற்றிப் போனான். போதாததற்கு அடிக்கடி நிறுத்தி, இவருடைய கழுத்துப் பட்டனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

மேம்பாலத்துக்கு அடியில் வழக்கம்போல மோட்டார் சைக்கிள்காரர்கள் கூட்டமாக ஒதுங்கியிருந்தார்கள். எல்லாருக்கும் அதே கறுப்புக் கோட்டு. எவன் எவனென்று பெற்ற தாய்க்குக்கூடத் தெரியாது. எவாரிஸ்தோ ஒரு ஓரமாகப் போய் பூட்ஸுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். காலுறை அடுப்பு மேட்டில் கிடந்த மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

பிளாஸ்க்கில் வெல்லத் தண்ணீர் விற்கிற அம்மாவிடம் சூடாக இரண்டு டம்ளர் வாங்கிவர ஓல்மெதோ போனான். அந்த நேரத்தில்தான் எவாரிஸ்தோவின் கண்ணில் அந்த வண்டி பட்டது. நோஞ்சான் வண்டி. முன்னால் தடுப்பு இல்லை, பின்னால் மட்கார்டு பாதிதான் இருந்தது. ஓட்டுகிற ஆள் கிளம்பத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

“தம்பி, துன்ஹாவா?”

அந்த ஆள் தலையை ஆட்டி, பின் சீட்டை இரண்டு தட்டு தட்டினார். எவாரிஸ்தோ திரும்பியே பார்க்காமல் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அடடா, அது சவாரி. சக்கரம் வாரியடித்த சேற்றுத் தண்ணீர் முதுகெல்லாம் தெறித்தது. அது போதவில்லை அவருக்கு. கழுத்துப் பட்டன் இரண்டை அவிழ்த்துவிட்டார். தண்ணீர் குழாயைத் திறந்த மாதிரி நெஞ்சுக்குள் இறங்கி, செய்தித்தாள் நாலும் கூழாகிப் போயின. மஞ்சள் கையுறையை ஒவ்வொன்றாகக் கழற்றி வயலில் வீசினார். பல் தந்தியடித்தது. அதோடேயே பாட்டும் பாடினார்.

இன்று எல்லாமே கூடி வந்தது. துன்ஹாவில் அந்த ஆள் சந்தையைச் சுற்றிக்கொண்டு மேட்டுத் தெருவில் ஏறி, அவருடைய தங்கை எர்மிந்தாவின் நீல வாசலிலேயே வண்டியை நிறுத்தினார். எவாரிஸ்தோ மாதாவுக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கினார். நடந்தால் பூட்ஸுக்குள் சளக் சளக் என்றது. இவ்வளவு இனிமையான சத்தத்தை அவர் கேட்டதே இல்லை.

கொஞ்ச நேரத்தில் ஓல்மெதோ வந்து சேர்ந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. பாலத்துக்கு அடியில் ஒவ்வொரு கறுப்புக் கோட்டாகப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, நாலு பேரிடம் திட்டு வாங்கியிருந்தான். வாசலில் நின்றவரைக் கண்டதும் ஆள் பத்திரம் என்று நிம்மதியானான். அவர் காலடியில் தேங்கிய குளத்தைப் பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

“கூட்டத்துல வண்டி மாறி ஏறிட்டேன்ப்பா,” என்றார் எவாரிஸ்தோ. துக்க வீட்டுக்குரிய முகத்தை வைத்துக்கொள்ளப் படாத பாடுபட்டார். “ஆனா நீ கட்டிவிட்ட கட்டுதானே இது? நாலு பேப்பரு, பையி, துண்டு, எல்லாம் இருந்தும் நனைஞ்ச கோழியா நிக்கிறேன். நாளைக்கு என் பொண்ணுக்கும் இந்தக் கதிதானே? பந்தயம் பந்தயம்தான்.”

ஓல்மெதோ தலையைக் குனிந்துகொண்டான். குனிந்த தலை நிமிரவில்லை. ஜெயித்தவருக்கு அதைப் பார்க்கக் கொஞ்சம் சங்கடமாகக்கூட இருந்தது. நியாயத்தை நியாயமாக முடித்துவிடலாம் என்று, வண்டியை விட்டு இன்னும் இறங்காமல் இருந்த ஆளின் பக்கம் திரும்பினார்.

“தம்பி, நீ மூணாம் மனுஷன். நான் எப்படி நனைஞ்சேன்னு நீயே இவன்கிட்ட சொல்லு.”

அந்த ஆள் நிதானமாகத் தலைக்கவசத்தைக் கழற்றினார். உள்ளேயிருந்து ஒரு நீளப் பின்னல் நழுவித் தோளில் விழுந்தது. துளி ஈரம் இல்லை.

“அப்பா, கழுத்துப் பட்டனை நீங்களேதான் அவுத்துவிட்டீங்க, கண்ணாடியில பாத்துக்கிட்டேதான் ஓட்டிட்டு வந்தேன்.”