அடித்துவிட்ட வரி

வெள்ளிக்கிழமைக்குள் மேற்பார்வையாளரின் ஆங்கிலம் புரியாவிட்டால் எனக்கு வேலை போய்விடும். மீன் ஆலையில் என் பக்கத்தில் நின்று மீன் வெட்டும் ருமேனியாக்காரி ரோதிக்கா, தேநீர் இடைவேளையில் தன் நோட்டைத் திறந்தாள். ஆங்கிலத் தொடர்களுக்குத் தன் மொழியில் பொருள் எழுதி வைத்திருந்தாள். அந்த மொழி எனக்குத் தெரியாததால் ஒவ்வொன்றையும் நடித்துக் காட்டினாள். ‘கிவ் அப்’ வந்தது. கையுறையைக் கழற்றி எறிந்து, ஏப்ரனை ஆணியில் மாட்டிவிட்டு மழைக்குள் இறங்கிப் போனாள். மணி அடித்தபோதுதான் நனைந்து திரும்பினாள்.

“புரிஞ்சுதா?” என்று எனக்கும் புரியும் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டாள்.

“தெரியும். காலேஜை விட்டு இப்படித்தான் வந்தேன்.”

“அப்போ இது உனக்கு வேண்டாம்.” அந்த வரியை அடித்துவிட்டு நோட்டை என்னிடம் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை என் வேலை தப்பியது. ஆறு வருடமாக அவள் மாட்டிய அதே ஆணியில் என் ஏப்ரனை மாட்டுகிறேன். புதிதாக வருபவர்களுக்கு அந்த நோட்டிலிருந்துதான் சொல்லிக்கொடுக்கிறேன். அடித்த வரி என்னவென்று கேட்டால், பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.