ரேஸ் வண்டிக்கு சாரி கார்டு

காலை ஒன்பது மணி வெயில், கும்மிடிப்பூண்டி மோட்டார் சைக்கிள் ஆலையின் கேட்டருகே நிற்கும் சிவப்பு ரேஸ் வண்டியின் மேல் வழுக்கி விழுகிறது. தொண்ணூற்றொன்பதுக்குப் பிறகு, ஏழு வருஷமாகக் கம்பெனி சூப்பர் பைக் பந்தயம் எதிலும் ஜெயித்ததில்லை. இந்த வண்டி ஜெயிக்கும். ஓட்டிப் பார்த்த அன்று இதன் நிழல் மூன்று நிமிஷம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது, வாட்ச்மேனே சாட்சி. பதினோரு மணிக்குள் ஸ்ரீபெரும்புதூர் டிராக்கில் சோதனைக்கு நிறுத்தாவிட்டால் பந்தயமே கிடையாது. மினி லாரி உறுமிக்கொண்டு காத்திருக்கிறது. தர ஆய்வாளர் சந்திரமோகனோ அட்டையும் பேனாவுமாகக் கேட்டை மறித்து நிற்கிறார். பின்னால் உட்காரும் பெண்களின் சேலை சக்கரத்தில் சிக்காமலிருக்க மாட்டுகிற கம்பித் தடுப்பு, அதுதான் சாரி கார்டு, இல்லாமல் எந்த வண்டியும் இந்தக் கேட்டைத் தாண்டியதில்லையாம். அதை மெக்கானிக் ஹனீப் முணுமுணுத்துக்கொண்டே மாட்டுகிறான்.

“பின்னாடி சீட்டே இல்ல சார். யாரு சேலை கட்டிக்கினு உக்காரப் போறாங்க, நீங்களா?”

“ஃபாரத்துல கீதுப்பா, நான் இன்னா பண்றது?” கடைசி போல்ட் இறுகுகிறது. பேனா அடுத்த கட்டத்துக்கு நகர்கிறது. “ஹாரன் எங்க?”

ஹனீப் எழுந்து, ஆய்வாளரின் காதருகே குனிந்து, வண்டியைக் கட்டிய எட்டு மாத உழைப்பையும் ஒரே மூச்சில் இழுத்து, “பாஆஆம்!” என்கிறான். கூரைப் புறாக்கள் பல மைல் தள்ளிப் புதுவாயலில் போய்த்தான் இறங்குகின்றன. சந்திரமோகன் தலையைத் தூக்காமலே ‘சத்தம் போதுமானது’ என்று எழுதிவிட்டு, கேட்டைத் திறக்கச் சொல்லிக் கையசைக்கிறார்.