மூன்றரை அடி

கிளமென்ட் அளவு டேப்போடு குழிக்குள் குதித்தான். போன வாரம்வரை ஒரு காலை நீட்டி இறங்கிய குழி அது.

குதித்ததும் அவன் கண்ணில் பட்டது நடுவில் நின்ற மண் திட்டுதான். அதன் தலையில் கோரை இல்லை.

ஏரியில் மண் வெட்டுகிறவர்கள் குழியின் நடுவே ஒரு திட்டை மட்டும் வெட்டாமல் விட்டுவைப்பார்கள். சாட்சி என்று அதற்குப் பெயர். பழைய தரை எந்த மட்டத்தில் இருந்தது என்பதற்குச் சர்க்கார் கணக்கில் அது சொல்வதுதான் செல்லும். அதன் உச்சியிலிருந்து டேப்பைக் கீழே விட்டால் எத்தனை அடி வெட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். கூலியும் அந்த ஆழத்துக்குத்தான்.

அதனால் சாட்சியின் தலையில் ஈரமண்ணை அப்பி, நாலு கோரையைப் பிடுங்கி நட்டுவைத்து, வெட்டாத ஆழத்துக்குக் கூலி கேட்கிற கெட்டிக்காரர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கிளமென்ட்டிடம் அந்தப் பருப்பு வேகாது. கோரையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்துப் பார்ப்பான். இத்தனைக்கும் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து இரண்டு வருஷம் பாலக்கரையில் சும்மா சுற்றியவனுக்குப் பஞ்சம் போட்டுக் கொடுத்த தற்காலிக வேலை, குழிகளை அளந்து எழுதுவது.

அவன் டேப்பில் மட்டும் அடி கொஞ்சம் நீளம் என்று ஜனங்கள் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டார்கள். அது அவன் காதில் விழாமல் இல்லை.

இங்கே பிடித்து இழுக்கக் கோரையே இல்லை. ஏரி காய்ந்து வெடித்த பொருக்கும் இல்லை. உச்சி வழவழவென்று, மண்வெட்டியால் சீவின மாதிரி இருந்தது.

சாட்சியை உயர்த்துகிறவர்களை அவனுக்குத் தெரியும். குறைக்கிறவர்களை அவன் கேள்விப்பட்டதே இல்லை. தன் கூலியைத் தானே வெட்டிக்கொள்ள யாருக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது?

மண்வெட்டியோடு நின்ற வீரமலை தலையைக் குனிந்துகொண்டான். அவன் பெண்டாட்டி காளியாயிதான் மண்கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பேசினாள்.

“நாலடி ஆயிட்டா வேலைய நிறுத்திடுவாங்களாமேங்க ஐயா. கூலி கொறஞ்சா கொறஞ்சுட்டுப் போவுது. கஞ்சி நின்னுடக் கூடாதுல்ல?”

கிளமென்ட் கரையைப் பார்த்தான். வேல மரத்தடியில் கஞ்சித் தொட்டிக்கு அப்போதுதான் அடுப்பு மூட்டியிருந்தார்கள். அதற்குள் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் உட்கார்ந்துவிட்டன. காளியாயியின் மூன்றும் அதில் இருந்தன.

மூன்று வருஷமாக மழை இல்லை. மண்ணச்சநல்லூர் அரிசி மில்களில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தன. வயல் வேலை இல்லாதவர்களுக்காகச் சர்க்கார் திறந்த வேலை இது. ஏரியை நாலடி ஆழப்படுத்த வேண்டும் என்பது உத்தரவு. வேலை நடக்கிற இடத்தில்தான் கஞ்சி. வேலை முடிந்தால் அன்றைக்கே தொட்டி வண்டியேறிவிடும்.

போன மாதம் பக்கத்து ஊர் ஏரியில் அப்படித்தான் நடந்தது. ஓவர்சியர் பஷீர் அகமது வந்தார், அளக்கச் சொன்னார், நாலடி என்றதும் கைக்கடிகாரத்தைப் பார்த்து வேலை முடிந்தது என்று எழுதினார். உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு மட்டும் ஊற்றிவிட்டுத் தொட்டியை ஏற்றச் சொன்னார். இன்றைக்கு இங்கே வருகிறார்.

காலையிலிருந்து அளந்த பதினேழு குழிகளையும் கிளமென்ட் நினைத்துப் பார்த்தான். ஒன்றிலாவது கோரையைப் பிடித்து இழுத்த ஞாபகம் இல்லை. எல்லாம் சமயபுரத்தில் முடியிறக்கின தலைகளாகத்தான் நின்றிருக்கின்றன. மேலே மண் ஏறியிருக்கிறதா என்றே பார்த்துப் பழகிய கண்ணில் அது படவில்லை.

ஊரே சேர்ந்து செய்திருக்கிறது.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு டேப்பைப் பிரித்தான்.

சைக்கிள் மணி கேட்டது. பஷீர் அகமது இறங்கி, ஸ்டாண்டு போட்டுவிட்டு, குழியின் விளிம்புக்கே வந்து நின்றார். இருபது வருஷ சர்வீஸ். ஒரு அங்குலம் விடமாட்டார் என்று பெயர்.

“என்ன கிளமென்ட், நாலடி ஆச்சா?”

சீவின சாட்சியில் டேப் மூன்றே முக்கால் காட்டியது.

“மூணரை சார்” என்றான் கிளமென்ட்.

ஒவ்வொரு குழியிலும் கால் அடியை முழுங்கி எழுதுவது பத்து நாளாக அவனுக்கு வழக்கம். அந்தக் கஞ்சித் தொட்டியை நினைத்துத்தான். தொட்டியோடு தன் வேலையும் வண்டியேறிவிடும் என்பதையும் நினைத்துத்தான், அதை மறைப்பானேன். இவர்களுக்குத் தெரியாமல் அவன் குறைத்தான். அவனுக்குத் தெரியாமல் இவர்கள் குறைத்தார்கள்.

ஓவர்சியர் குனிந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் எதைப் பார்க்கிறார் என்பது கிளமென்ட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் நல்ல உயரம். மூன்றரை அடிக் குழியில் நின்றால் இடுப்புக்கு மேலாவது வெளியே தெரிய வேண்டும். தரை அவன் கழுத்துக்கு இருந்தது.

வீரமலை மண்வெட்டியைக் கீழே வைத்தான். காளியாயி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். வரிசையில் ஒரு பிள்ளை தட்டைத் தட்டிக்கொண்டிருந்தது.

பஷீர் அகமது சாட்சியைப் பார்த்தார். கரையைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

“மூணரைதானா? அப்போ இன்னும் பத்து நாள் வேலை இருக்கு” என்றார்.

பிறகு முழங்காலை மடித்து விளிம்பில் உட்கார்ந்து, கிளமென்ட்டை மேலே தூக்கிவிட இரண்டு கையையும் நீட்டினார்.