நீல வளையக் கோழிகள்

"நீல வளையத்துல ஒண்ணுகூடவா சாகல ஆன்ட்டி?"

கேட்டுவிட்டு நிருபமா கோழிகளை மறுபடியும் எண்ணினாள்.

"வாயக் கழுவும்மா!" டோரதி சிலுவை போட்டுக்கொண்டாள். "நாலு மாசமா கண்ணுல வெச்சுப் பாத்துக்கறேன், சாகலையான்னு கேக்கற. ஒரு டாக்டர் கேக்கற கேள்வியா இது?"

விவேக் நகரில் டோரதி வீட்டுக் கொல்லையில் இரண்டு கூண்டுகள், கூண்டுக்கு இருபது கோழி. காலில் சிவப்பு வளையம் போட்டவற்றுக்குத் தீவனத்தில் நிருபமாவின் புது மருந்து. நீல வளையத்துக்கு வெறும் தீவனம். தவளைத் தோலில் கிருமியைக் கொல்லும் குட்டிப் புரதம் ஒன்று உண்டு. அதைப் பார்த்து ஆய்வகத்தில் செய்த மருந்து. ஆன்டிபயாடிக்கைப் போட்டுப் போட்டு கிருமிகளுக்கு அது பழகிப்போய்விட்டது, இனி இதுதான் வழி என்று மூன்று வருஷமாக மன்றாடிக்கொண்டிருந்தாள், பாவம். ஆய்வகக் கோழிகளோ படுசுத்தம், நோயே வருவதில்லை. அதனால்தான் ஊர்க் கோழியெல்லாம் வந்து மேயும் இந்தக் கொல்லையைப் பிடித்தாள். வெள்ளிக்கிழமைதோறும் வந்து எண்ணுவாள்.

எண்ணி என்ன? மருந்து தின்றதும் இருபது, தின்னாததும் இருபது.

இடுப்பில் பேஜர் கீச்சிட்டது. ஆய்வகத் தலைவர் சீனிவாசராகவன் சார்தான். 'திங்கள் காலை பத்து மணி. ஃபைலுடன் வரவும்.'

"போச்சு. மருந்தே இல்லாம நல்லா இருக்கே, அப்புறம் மருந்து எதுக்குன்னு கேப்பார். கேட்டுட்டு ஃபைல மூடிடுவார்."

"இவகிட்ட கோழி சாகுமா?" நாற்காலியிலிருந்து பெர்னார்ட் குரல் கொடுத்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். "இவளுக்குப் பயந்து நானே இன்னும் சாகாம இருக்கேன்."

"நீங்க சும்மா இருங்க. அந்தப் பொண்ணுக்குப் பப்பாளி குடுங்க."

"இந்த வருஷம் மரம் தாங்காம காய்க்குதும்மா. சாப்பிடு." பெர்னார்ட் தட்டை நீட்டிவிட்டுத் தானும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டார்.

நிருபமா தட்டைத் தொடவில்லை. "உண்மையச் சொல்லுங்க ஆன்ட்டி. சிவப்புத் தீவனத்த நீலத்துக்கும் போட்டீங்களா?"

"இல்ல."

"மாத்திரை, கேப்ஸ்யூல்?"

"குழந்தை ஏசு சத்தியமா இல்ல. வியாழக்கிழமை தவறாம நவநாளுக்குப் போறவ நான், பொய் சொல்வேனா?"

"அதுவும் கூடையோட போறவ," என்றார் பெர்னார்ட். "பூசைக்குக் கூடையோட போறவ ஊர்லயே இவ ஒருத்திதான்."

டோரதி அவரை முறைத்துவிட்டுக் கூண்டுப் பக்கம் திரும்பினாள். "ஏய் ஃபிலோமி, தள்ளு! ரீட்டாவத் திங்க விடு!"

"சிவப்புக்கெல்லாம் பேர் வெச்சிருக்கீங்க. நீலத்துக்கு?"

"அதுங்க முகம் மனசுல நிக்கலம்மா."

நிருபமா பெருமூச்சோடு நோட்டைத் திறந்தாள். 'மருந்தினால் எந்த வித்தியாசமும் இல்லை' என்று எழுதத் தொடங்கினாள். 'எந்த' என்ற இடத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்து மை கலைந்தது.

டோரதியால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. நோட்டின் மேல் கையை வைத்துப் பொத்தினாள்.

"எழுதாதம்மா. ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். உங்கிட்ட சொல்லத்தான் வாய் வரல."

"என்ன ஆன்ட்டி?"

"நம்பி விட்டுட்டுப் போன கோழி செத்துப்போச்சுன்னு எந்த மூஞ்சிய வெச்சுச் சொல்றது? நீலத்துல ஒண்ணு விழுந்தா, நவநாள் முடிச்சு வரும்போது மார்க்கெட்ல அதே சைஸ்ல ஒண்ணு வாங்கிட்டு வந்து, வளையத்தக் கழட்டி இதுக்கு மாட்டிடுவேன்."

நிருபமாவின் பேனா அப்படியே நின்றது. "எத்தனை?"

"கோவிச்சுக்காத தாயி... இருபத்தாறு."

"சிவப்புல?"

"அதுல ஒண்ணும் இல்ல. செத்ததெல்லாம் நீலம்தான். பப்பாளி மரத்தடியில புதைச்சு, ஆளுக்கொரு அருள்நிறை மரி ஜெபமும் சொன்னேன்."

"இருபத்தாறும் செத்துப்போச்சா!" என்று கூவிய நிருபமா, டோரதியைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். பெர்னார்ட் மட்டும், வாயிலிருந்த பப்பாளித் துண்டை மெதுவாக வெளியே எடுத்தார்.