வெள்ளிக்கிழமையோடு முடியும் விசா

"வெள்ளிக்கிழமையோட என்ர விசா முடியுது, பிள்ளை. அதுக்கு முந்தி நீர்தான் ஏதாவது செய்து தரவேணும்."

மக்டலீன் நாற்காலியின் நுனியில் இருந்தார். படியிறங்கி வந்ததில் இன்னும் மூச்சு வாங்கியது. வெளியே பனி கொட்டுகிறது, அவர் காலில் வெறும் வீட்டுச் செருப்பு. பக்கத்தில் கணவர் மரியரட்ணம், கைகளைக் கட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி.

மேசைக்கு அந்தப் பக்கம் றெபேக்கா. கனடாவின் மார்க்கம் நகரில், தன் வீட்டு பேஸ்மென்ற்றிலேயே குடிவரவு ஆலோசனை அலுவலகம் நடத்துபவள். சுவரில் லைசென்ஸ், மேசையில் ஃபைல்கள், ஒரு டிஷ்யூப் பெட்டி. இந்தத் தொழிலில் டிஷ்யூ இல்லாமல் கடை திறக்க முடியாது.

"பயப்பிடாதேங்கோ அன்ரி. எக்ஸ்டென்சன் கிடைச்சிட்டுது. இன்னும் ஆறு மாசம் இருக்கலாம்," என்று ஒரு கடதாசியை நீட்டினாள்.

மக்டலீன் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாக வாசித்தார். மன்னாரில் முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளின் பரீட்சைத் தாள் திருத்தியவரிடம் அப்படியொரு கடதாசியை நீட்டியிருக்கக் கூடாது.

"இதில அரசாங்க முத்திரை எங்க? ஃபைல் நம்பரும் இல்லை. உம்மட ஒபீஸ் பேர்தான் கிடக்குது. ஆரை ஏமாத்திறீர்?"

றெபேக்காவுக்கு முகம் கறுத்துப்போனது. கையும் களவுமாகப் பிடிபட்டவள் போல் கடதாசியை வாங்கி மடித்தாள்.

"மக்டலீன், அவ உமக்கு நல்லதுக்குத்தான் சொல்லுறா," என்றார் மரியரட்ணம்.

"நீங்கள் சும்மா இருங்கோ! ஆறு மாசம் ஆருக்கு வேணும்? அது முடியத் திரும்பவும் இப்பிடி வந்து கெஞ்சவேணும்." மக்டலீன் மேசையில் முழங்கையை ஊன்றினார். "பிள்ளை, சில நாடுகளில பென்சன் எடுக்கிற ஆக்கள் ரூறிஸ்டாப் போய், அங்க நிண்டுகொண்டே றிற்றயர்மென்ற் விசாவுக்கு மாறலாமாம். எனக்கும் ரீச்சர் பென்சன் வருது. அப்பிடி மாத்தித் தாரும்."

"அது வேற நாடுகளில அன்ரி. கனடாவில அப்பிடியொரு விசாவே இல்லை."

"அப்ப கனகாலம் நிக்க வேற என்ன வழி?"

"தாய் தகப்பனுக்கெண்டு இருக்கிற விசாவைத் திரும்பிப் போய், அங்கயிருந்துதான்..." பழக்கதோசத்தில் வாயில் வந்துவிட்டது. றெபேக்கா சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"திரும்பிப் போறதோ?" மக்டலீனின் குரல் உடைந்தது. "என்ர மகளுக்கு இது ஏழாம் மாசம், பிள்ளை. ரெண்டு தரம் தங்கேல்லை. இதுதான் நிண்டிருக்குது. கட்டிலை விட்டு இறங்கக் கூடாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். மருமகனுக்கு நைற் சிப்ற் வேலை. நானும் போனால் அவளுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க ஆர் இருக்கினம்?"

றெபேக்கா டிஷ்யூப் பெட்டியைத் தள்ளிவைத்தாள். தானும் ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

"அவவுக்கு ஒண்டும் ஆகாது அன்ரி. நல்லபடியாப் பிள்ளை பிறக்கும்."

"அதெப்பிடி உமக்குத் தெரியும்? சாத்திரமோ பாக்கிறீர்?"

றெபேக்கா கையிலிருந்த டிஷ்யூவை மடித்து மடித்துச் சிறிதாக்கினாள்.

"ஊர்ப்பட்ட சனத்தின்ர தாய் தகப்பனை இஞ்ச இருத்தி வைச்சிருக்கிறீராம். எனக்கு மட்டும் ஏலாதோ?" என்ற மக்டலீன் கணவர் பக்கம் திரும்பினார். "நீங்களாவது வாயைத் திறவுங்கோவன்! ரெண்டு பேரும் சேந்து என்னை அனுப்பப் பாக்கிறியளோ?"

"ஆரும் உம்மை அனுப்பேல்லை, மக்டலீன்." அதை எத்தனையாவது தடவையாகச் சொல்கிறாரோ, மனிதரின் குரலில் உயிரே இல்லை.

மக்டலீன் அழுதார். சத்தமில்லாமல், தோள் குலுங்க, கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் அழுதார். பார்க்கவே பொறுக்கவில்லை. ஒருவழியாக ஓய்ந்ததும் எழுந்து சட்டையை இழுத்துச் சரிசெய்தார்.

"சரி. சட்டமெண்டால் சட்டம்தான். போறன். போக முந்தி என்ர பிள்ளையின்ர முகத்தை ஒருக்காப் பாக்க விடுங்கோ. நாலு நாளாத் தேடுறன். எங்கயெண்டு கேட்டால் இந்த மனுசன் சொல்லுறாரில்லை."

மரியரட்ணம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

றெபேக்காவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. மேசையைச் சுற்றி ஓடிவந்து முழந்தாளில் விழுந்தாள். மக்டலீனின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"பாருங்கோ அம்மா! நான்தான், உங்கட மகள் றெபேக்கா. அண்டைக்கு என்ர வயித்தில இருந்த அந்த ஏழு மாசப் பிள்ளைக்கு இப்ப பத்தொன்பது வயசு. நீங்கள் சிற்றிசன் எடுத்தே பதின்மூண்டு வருசமாச்சு. உங்களை ஆரும் அனுப்பேலாது, அம்மா."

மக்டலீன் அந்த முகத்தை நெடுநேரம் பார்த்தார். நெற்றியில் விழுந்திருந்த நரைமுடியை மெல்ல ஒதுக்கிவிட்டார். பிறகு கையை விடுவித்துக்கொண்டு கணவரை அழைத்தார்.

"வாங்கோ, வேற ஆரையும் போய்க் கேப்பம். பாவம், நல்ல பிள்ளைதான். ஆனால் இவவுக்கு என்ர மகளைத் தெரியாது."