வேலிக் கதவருகே நீல வாளி

பெக்கோக் ஊரின் மண்சாலையை ஒட்டிய தன் தோட்டத்தில், காய்த்து நிற்கும் வெண்டைச் செடியொன்றை வாசுகி வேரோடு பிடுங்கிக் கையில் பிடித்திருக்கிறாள். காலை வெயிலில் வேர் வெள்ளையாக, நூல்நூலாக, ஒரு முடிச்சுகூட இல்லாமல் தொங்குகிறது. போன போகம் இதே மண்ணில் நூற்புழு புகுந்து, வேரெல்லாம் இஞ்சிபோல் வீங்கிச் செடிகள் பட்டுப்போயின. நிலம் முழுக்க பிளாஸ்டிக் தாள் விரித்து புழு சாகட்டுமென்று அவள் மண்ணை இரண்டு மாதம் வெயிலில் வேகவிட்டபோது, "மண்ணுக்குக் குளிருதுன்னு போர்வை போர்த்துறியா?" என்று சிரித்தவர் கணவனின் அண்ணன் சபாபதி. அவர்தான் இப்போது வேலிக் கதவைத் தள்ளுகிறார். கையில் அவர் தோட்டத்துச் செடி, வேர் முழுக்க முடிச்சு. ரப்பர் பூட்ஸில் அதே தோட்டத்து ஈரமண்.

"ரெண்டு வேரையும் பக்கத்துல வச்சிப் பாப்போம் லா."

"அங்கேயே நில்லுங்க மாமா. அந்த மண்ணு உள்ள வந்தா என் தோட்டமும் போச்சு."

கல்யாணமாகி வந்த பதினெட்டு வருடத்தில் அவரிடம் அவள் இப்படிப் பேசியதில்லை. குரல் நடுங்கவில்லை என்பது அவளுக்கே புதிதாக இருக்கிறது. திமிர் என்பார்களோ? சொல்லட்டும். கதவருகே தண்ணீரோடு இருக்கும் நீல வாளியையும் பிரஷையும் கண்ணால் காட்டுகிறாள். சபாபதி செடியைச் சாலையோரம் போட்டுவிட்டுக் குந்துகிறார்.

"கோயிலுக்குப் போனாகூட இவ்வளவு கழுவுனதில்ல."

பிரஷை நனைத்துப் பூட்ஸைத் தேய்க்கிறார். பிறகு ஒவ்வொரு காலாகத் தூக்கி அடிப்பாகத்தை அவளிடம் காட்டுகிறார்.

"இப்ப வரலாமா?"

வாசுகி குனிந்து நிதானமாகப் பார்க்கிறாள்.

"குதிகால்ல இன்னும் இருக்கு மாமா."